இருபதாவது வளைவு: வாசகர் கேள்வி, கண்டக்டர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏற்காடு. மே மாதம் வந்தாலே இப்படித்தான். சேலம்–ஏற்காடு ரூட்டில் 27 வருடம் விசில் ஊதியவனிடம் வேறு எதைக் கேட்பீர்கள்? மாம்பழக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

*

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஏற்காட்டை 1842-ல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று ஒரு கைடில் இருக்கிறது. இன்னொன்றில் கலெக்டர் காக்பர்ன் பெயர் இருக்கிறது. எதை எழுதுவது?
– ராசிபுரம் வாசகி

முதல் கைடைப் பரண்மேல் போடுங்க கண்ணு. அதே தப்பை நானே பஸ்ஸில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. டூரிஸ்ட் யாராவது ஏறினால் டிக்கெட்டோடு சேர்த்து வரலாற்றையும் கிழித்துக் கொடுப்பேன். ஒருநாள் பதினோராவது வளைவு திரும்பும்போது, “1842-ல மன்றோ துரை குதிரையில வந்தாரு...” என்று ஆரம்பித்தேன். ஜன்னலோரம் இருந்த ரிடையர்டு வரலாற்று வாத்தியார் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “கண்டக்டர், மன்றோ செத்தது 1827 ஜூலையில. பத்திகொண்டாவுல காலரா. 1839-லயே மெட்ராஸ்ல குதிரை மேல உக்கார வெச்சு சிலையும் திறந்தாச்சு. 1842-ல ஏற்காட்டுக்கு வந்தது அந்தச் சிலையா?”

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் அண்ணன்கூட ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் பின் சீட்டிலிருந்து ஒரு பாட்டி, மடியில் சாமை மூட்டை, மெதுவாகத்தான் கேட்டது: “ஏன் தம்பி, எங்கள எவன் தொலைச்சான், இன்னொருத்தன் கண்டுபுடிக்க?”

அதற்கு இன்றைக்கு வரை என்னிடம் பதில் இல்லை. அந்தப் பாட்டி மலையாளி. கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மலையில் வாழ்கிற பழங்குடி மக்களுக்கு இங்கே அதுதான் பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. துரைமார் வரும்போது இங்கே அவர்கள் வீடும் இருந்தது, சாமியும் இருந்தது.

மன்றோவுக்கும் இந்த ஜில்லாவுக்கும் ஒட்டே இல்லை என்றும் சொல்ல முடியாது. திப்பு சுல்தானிடமிருந்து 1792-ல் பாராமஹாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கம்பெனி கைக்குப் போனபோது, கர்னல் ரீடுக்கு உதவியாளராக இந்தப் பக்கம் ஏழு வருடம் நிலம் அளந்து வரி போட்டவர் அவர். பெயர் அந்தப் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. காக்பர்ன் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். ஆரஞ்சு, ஆப்பிள், பேரி என்று பழ மரங்களும் அவர் கணக்கில்தான் வருகின்றன. அவர் கட்டிய ‘கிரேஞ்ச்’ பங்களா இன்னும் இருக்கிறது. பரீட்சைக்குக் காக்பர்ன் என்று எழுதி மார்க் வாங்குங்க. என்னைக் கேட்டால் அந்தப் பாட்டி பக்கம்தான் நிற்பேன்.

*

ஏப்ரலில் குடும்பத்தோடு கிளியூர் அருவிக்கு இறங்கினோம். வெறும் பாறை. சொட்டுத் தண்ணீர் இல்லை. மேலே இருந்த கடைக்காரர்கள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா?
– பெருந்துறை வாசகர்

சுண்டல் விற்கிறவர், “கீழே தண்ணி இல்லீங்க, திரும்பிப் போங்க” என்று சொன்னால் அவர் வீட்டில் உலை கொதிக்குமா சார்? ஆனால் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரியைப் பார்த்திருப்பீர்கள். பதில் அங்கேயே இருந்தது. கிளியூர் அருவி தனியாக எங்கிருந்தோ வருவது இல்லை. ஏற்காடு ஏரி நிரம்பி மறுகால் போகிற தண்ணீர்தான் 300 அடி கீழே விழுகிறது. ஏரித் தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழே நின்றால் அருவியில் நீங்கள் பாறையைத்தான் பார்ப்பீர்கள். ஏரி தளும்பும் காலம், ஆடிக்குப் பிறகு நல்ல மழை பிடித்து ஐப்பசி, கார்த்திகை வரை. அப்போது இறங்குங்க. படி வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது.

ஏரியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஊட்டி ஏரியை சல்லிவன் வெட்டினார், கொடைக்கானல் ஏரியை 1863-ல் லெவிஞ்ச் உருவாக்கினார் என்று அங்கெல்லாம் ஆள் பெயர் சொல்வார்கள். இங்கே ஊர்ப் பெயரிலேயே ஏரி உட்கார்ந்திருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. நாங்கள் பேச்சில் ‘ஏக்காடு’ என்போம். பெயருக்குள் இருக்கிற இரண்டில் எதற்கு இப்போது மரியாதை என்று கேட்காதீர்கள். படகுத் துறையில் மிதி படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு, பக்கத்தில் அண்ணா பூங்கா, மான் பூங்கா. எதிர்க்கரையில் ஆகாயத்தாமரை படர்வதும், ஆள் விட்டு அள்ளுவதும், மறுபடி படர்வதும். சாக்கடை கலக்கிற தண்ணீரில்தான் அந்தச் செடிக்குக் கொழுப்பு.

அந்தத் தண்ணீர் மலையோடு நின்றுவிடுவதும் இல்லை. சேலத்துக்கு நடுவே ஓடுகிற திருமணிமுத்தாறு, ஓமலூர் பக்கம் போகிற சரபங்கா, தருமபுரிப் பக்கம் இறங்குகிற வாணியாறு, மூன்றும் இந்தச் சேர்வராயன் மலையில் பிறந்தவை. என் வீடு கன்னங்குறிச்சி. மலையில் இரண்டு நாள் மழை பிடித்தால் எங்கள் மூக்கனேரிக்குக் கலங்கலாகத் தண்ணீர் வரும். மேலே ஒரு ஓட்டல்காரர் ஓடைக்குள் எதைத் திருப்பிவிட்டாலும் அது கீழே எங்கள் தெருவைத் தேடித்தான் வரும்.

*

இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் மனைவிக்கு வாந்தி. வழி உண்டா?
– நாமக்கல் வாசகர்

முன் பாதி சீட். வயிறு காலியாகவும் வேண்டாம், முட்டமுட்டவும் வேண்டாம்; இரண்டு இட்லியோடு நிறுத்தச் சொல்லுங்க. போனைப் பார்க்கக் கூடாது, ரோட்டைப் பார்க்க வேண்டும். கையில் எலுமிச்சம்பழம். இவ்வளவு செய்தும் வந்தால் வரட்டும். என் பையில் டிக்கெட் கட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கத்தை கேரிபேக் இருக்கும். 60 அடி பாலம் தாண்டினால் அதைக் கேட்டுக் கை நீளும் என்று எனக்குத் தெரியும்.

*

ஏற்காட்டில் ஒரு கடையில் ‘சொந்த எஸ்டேட் காபி’ என்று அரைக் கிலோ வாங்கி வந்தேன். டிகாக்‌ஷன் தார் மாதிரி இறங்குகிறது, மணமே இல்லை. எப்படித்தான் நல்ல தூள் வாங்குவது?
– ஈரோடு வாசகி

கடைப் பெயரையும் எழுதியிருந்தீர்கள், அதை அடித்துவிட்டேன். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் பிடித்து அந்தத் தூளை ஒரு சிட்டிகை மேலே தூவிப் பாருங்க. காபித் தூள் மிதக்கும். சிக்கரி பழுப்பாக வால் விட்டுக்கொண்டு அடியில் இறங்கும். உங்கள் டம்ளரில் முக்கால்வாசி இறங்கும் என்று நினைக்கிறேன். சிக்கரி குற்றம் இல்லை, பலருக்கு அது கலந்தால்தான் காபி. ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்பது சட்டம். அச்சடிக்காத பாக்கெட்டில் ‘சொந்த எஸ்டேட்’ என்று பேனாவில் எழுதியிருந்தால் வைத்துவிட்டு நடங்க. சிக்கரி ஏற்காட்டில் விளைவது கிடையாது, அது குஜராத் பக்கத்து வேர்.

இங்கே விளைவது அராபிகா. மாசி, பங்குனியில் ஒரு கோடை மழை அடிக்கும். அதைப் பூ மழை என்பார்கள். அந்த மழைக்கு எட்டுப் பத்து நாள் கழித்துச் செடியெல்லாம் வெள்ளை. மல்லிகை மாதிரி வாசம். பஸ் ஜன்னலைத் திறந்து வைத்தால் சீட்டில் இருக்கிற டீசல் நாற்றம்கூட அடங்கிவிடும். மூன்று நாள்தான், அப்புறம் பூ கருகிவிடும். பூ மழை தவறினால் அந்த வருடம் எஸ்டேட்டில் எல்லோர் முகமும் தொங்கிப்போகும். காய் பழுக்க எட்டொன்பது மாதம். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிப்பு. சிவந்த பழத்தை மட்டும் கிள்ள வேண்டும், பச்சையை விட வேண்டும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை வருவார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலெடுத்து, வழுவழுப்புப் போக ஊறவிட்டு, கழுவி, களத்தில் காய வைத்தால் அது பார்ச்மென்ட். தோலோடு அப்படியே காய வைத்தால் செர்ரி. விலையும் வேறு, ருசியும் வேறு.

பறிப்புக் காலத்தில் சாயங்கால டிரிப் ஏறுகிற பெண்கள் கையைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுக்கும்போது விரல் நுனி கருத்து, பிசுபிசுவென்று இருக்கும். நோட்டும் ஒட்டும். “அக்கா, சில்லறையா குடுங்க” என்றால், “சில்லறையும் ஒட்டும் தம்பி” என்பார்கள்.

எஸ்டேட் பக்கம் போனால் உயரமான சில்வர் ஓக் மரத்தைப் பாருங்க. காபிக்கு நிழல், மிளகுக் கொடிக்குக் கொம்பு. காபி விலை விழுந்த வருடத்தில் மிளகு காப்பாற்றும். ஆரஞ்சுதான் போய்விட்டது. நான் சேர்ந்த காலத்தில் கீழிறங்கும் டிரிப்பில் கமலா ஆரஞ்சுக் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுப் போட்டுக் கை வலிக்கும். நோய் விழுந்து மரங்கள் பட்டுப்போயின. இப்போது ரோட்டோரம் ‘ஏற்காடு ஆரஞ்சு’ என்று அடுக்கி வைத்திருப்பதில் நிறைய நம்மோடு அதே மலைப்பாதையில் லாரியில் ஏறி வந்தது. கொய்யா, பலா, பட்டர் ஃப்ரூட் ஆகியவற்றை நம்பி வாங்கலாம்.

*

எட்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரை ஒருநாள் அழைத்து வருகிறேன். படகு சவாரி தவிர எதைக் காட்டலாம்?
– அரூர் ஆசிரியர்

முதலில் ஆர்க்கிட் தோட்டம். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம், 1963-ல் வந்தது. பூவைவிடப் பிள்ளைகளுக்கு அங்கே பிடிப்பது குடுவைச் செடி. மேகாலயாவின் காசி மலையைச் சேர்ந்தது, பூச்சியைப் பிடித்துத் தின்னும். மூடியைத் தொடக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்க, இல்லையென்றால் 40 விரலும் உள்ளே போகும்.

அடுத்து ஹோலி டிரினிட்டி தேவாலயம். 1863-ல் பல்லாவரத்தில் கல் கோடாரியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று நிரூபித்த ராபர்ட் புரூஸ் ஃபூட் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி இந்தத் தேவாலயத்துக்கு வந்தது. பாடப் புத்தகத்தில் பழைய கற்காலம் என்று ஒரு வரி படித்திருப்பார்கள். அந்த வரிக்குக் காரணமான மனிதர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறார் என்று சொன்னால் நாலு பேராவது வாயை மூடிக் கேட்பார்கள். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. வெளியிலிருந்து பார்க்கலாம், பிள்ளைகள் பெருமூச்சு விடுவார்கள்.

லேடீஸ் சீட்டுக்குச் சாயங்காலம் போங்க. வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர் தெரியும். இருட்டினால் சேலம் முழுக்க விளக்கு. போகும்போதோ வரும்போதோ அடிவாரத்துக்கு முன்னால் ஏற்காடு ரோட்டோரம் நிற்கிற பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவையும் காட்டிவிடுங்க. பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

*

கோடை விழாவுக்கு எந்த நாளில் போனால் கூட்டம் குறைவு?
– திருச்செங்கோடு வாசகர்

விழா முடிந்த மறுநாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி எல்லாம் ஒரு தடவை பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒண்டிக்கடை முனையில் கார் ஒரு மணி நேரம் நகராமல் நிற்கும்போது நீங்கள் பார்ப்பது முன்னால் இருக்கும் காரின் பம்பரை. அதே மே மாதத்தில் இன்னொரு திருவிழா நடக்கும், கேட்டிருக்கிறீர்களா? மலை உச்சியில், 5,326 அடியில் சேர்வராயன் கோவில். குகைக்குள் குனிந்து போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை அப்படியே காவிரி ஆறு வரை போகிறது என்பது நம்பிக்கை. சுற்றுக் கிராமத்து மலையாளி மக்கள் எல்லாரும் வருவார்கள். முன்பு அந்த நாளில் என் பஸ்ஸில் கூரைமேல் ஆள் இருக்கும், செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட அன்றைக்கு ஏறமாட்டார். பூங்காவில் பூவை அடுக்கிச் செய்த யானையைப் பார்த்தவர்களுக்கு இந்தத் திருவிழாவையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

கோவிலைச் சுற்றி மேட்டுநிலம் மரமில்லாமல் தட்டையாக, செக்கச்செவேலென்று இருக்கும். அந்தச் சிவப்புக்குள்தான் பாக்சைட். அதை வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் இறக்கினார்கள். அந்த லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி எங்கள் டிரைவர்களுக்கு இடது கை பழகிவிட்டது.

*

மகன் பெங்களூரில் வேலை. ஏரி தெரிகிற மாதிரி ஒரு வில்லா வாங்கலாம் என்கிறான். முதலீடாக நல்லதா?
– சேலம், அஸ்தம்பட்டி வாசகி

முதலீடு எனக்குத் தெரியாதும்மா, என் முதலீடு பி.எஃப். மட்டும்தான். மகனிடம் இரண்டு மாதம் மட்டும் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. ஒன்று பங்குனி. பெரிய பெரிய கேட் போட்ட வீடுகளுக்கு டிராக்டர் டேங்கரில் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கலாம். ஏரி கண்ணுக்கு எதிரே இருக்கும், குழாயில் வராது. இன்னொன்று கார்த்திகை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. சரிவை வெட்டி வீடு கட்டியவர்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது. நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்து மக்களுக்கோ பஸ் நின்றால் ஆஸ்பத்திரியும் நின்ற மாதிரி. பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் விசிலே ஊதாமல் இறங்கியிருக்கிறோம். ரோடு இருந்ததால் இறங்கினோம்.

இன்னொரு விஷயம், காட்டெருமை. முன்பு வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் பட்டால் அதிசயம். ரிடையர் ஆவதற்கு முந்தைய வருடங்களில் இரவு டிரிப்பில் வாடிக்கை ஆகிவிட்டது. ஒருநாள் எஸ்டேட் வேலியைத் தாண்டி வந்து ஹெட்லைட் வெளிச்சத்தில் நடுரோட்டில் நின்றது. தோள் உயரம் எங்கள் ரேடியேட்டருக்கு மேலே. டிரைவர் அண்ணன் இன்ஜினை நிறுத்தி விளக்கை மங்கலாக்கிவிட்டு, “யாரும் பேசாதீங்க” என்றார். பின்னால் வந்த காரில் இருந்தவர் ஹார்ன் அடித்தார். நான் இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொன்னேன், அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பத்து நிமிடம் கழித்து அதுவாகத் திரும்பிக் காபிக் காட்டுக்குள் போனது. மகன் வில்லாவுக்குக் காம்பவுண்ட் சுவர் கட்டும்போது, அது போகிற வழியில்தான் கட்டுகிறாரா என்று பக்கத்து மலையாளி வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களுக்குத் தெரியும்.

*

‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்வது சரியா?
– தருமபுரி வாசகர்

சனிக்கிழமை ராத்திரி ஏரிக்கரையில் ரூம் வாடகை விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்க.

*

கண்டக்டர் அண்ணே, குடும்பத்தில் ஆறு பேர். கார் இல்லை. பஸ்ஸில் வந்து ஒரே நாளில் திரும்ப வேண்டும். ஒரு பிளான் போட்டுக் கொடுங்க.
– சங்ககிரி வாசகி

காலையில் முதல் பஸ்ஸைப் பிடிங்கம்மா, இடது பக்கத்து ஜன்னல் சீட். இறங்கியதும் ஏரிப் பக்கம் போக வேண்டாம். அங்கிருந்தே நாகலூர் பக்கம் போகிற டவுன் பஸ் எது நிற்கிறதோ அதில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுங்க. இரண்டு பக்கமும் காபிக் காடு, நடுவில் ஓட்டு வீடுகள், ரோட்டில் காயப் போட்ட மிளகு. கண்டக்டரிடம், “இதே பஸ்ஸில் திரும்புகிறோம்” என்று சொன்னால் டீக்கடையைக் காட்டுவார். மத்தியானம் ஏரிக்குத் திரும்பினால் பிள்ளைகளைப் படகில் ஏற்றுங்க. மூன்று மணிக்கு மேல் பனி இறங்க ஆரம்பிக்கும்போது கரையோரக் கடையில் மிளகாய் பஜ்ஜி. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்ததை மட்டும் கேளுங்க, தட்டில் அடுக்கியிருப்பதை வேண்டாம் என்று சொல்லுங்க. கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், அதற்கு முந்தையதைப் பிடியுங்க. கடைசி பஸ்ஸில் கொய்யாக் கூடைக்காரம்மாக்கள் ஏறுவார்கள், உங்களுக்குச் சீட் கிடைக்காது.